மேற்கும் பனியனும்

1

"…இல்லப்பா, அது மேற்கு இல்ல, பனியன். நீ சொல்றது பனியன். அதோ கொடியில சித்தப்பாவோடது காயுதே, அது."

சொன்னவள் என் மகள் ஷெரின். சொன்ன இடம் அம்பத்தூர் பக்கம் கோவில்பதாகையில் என் கொழுந்தன் டேவிட் வீட்டு ஹால். கிறிஸ்துமஸ் முடிந்தும் வாசலில் நட்சத்திரம் மட்டும் இன்னும் இறக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்த நாட்கள். டீப்பாய் மேல் என் வீட்டுக்காரர் ஜெயசீலனின் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் குடும்பமே அதைச் சுற்றிக் குனிந்திருந்தது.

நடந்தது இதுதான். என் வீட்டுக்காரர் கனடாவில் சரக்கு ரயில் ஓட்டுகிறார், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தோம். அவருடைய கம்பெனிக்கு போன் செய்தால் மனிதர்கள் எடுக்கமாட்டார்கள். முன்பே பதிவுசெய்த ஒரு பெண்குரல் எடுக்கும். கிழக்குப் பிரிவா, மேற்குப் பிரிவா, வாயால் சொல்லுங்கள் என்று கேட்கும். இவர் "வெஸ்ட்" என்றார். அந்தக் குரல் ரொம்ப மரியாதையாக, ஊழியர்களுக்கு ஒளிரும் மேல்சட்டை கொடுக்கும் பிரிவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டது. அங்கிருந்த ஆள் என்ன சைஸ் வேண்டும் என்று கேட்டார். இவர் வைத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் சட்டைதான்.

ஆங்கிலத்தில் மேற்குக்கு உதட்டைக் குவிக்க வேண்டும். கையில்லாத சட்டைக்குப் பல் கீழுதட்டில் பட வேண்டும். நமக்கு இரண்டும் ஒரே வெஸ்ட். அம்பத்தூர் கடையில் போய்க் கேட்டால் பனியனைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

"எக்ஸெல்லே சொல்லிடு அண்ணாத்தே, எனுக்கு ஆவும்" என்றான் டேவிட். எல்லோரும் சிரித்தோம். ஜெயசீலனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அப்படிப் போனால் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷக் குடும்பத்தில் இதுகூடத் தெரியாதா எனக்கு? அவர் அன்றைக்குக் கேட்க நினைத்தது அவருடைய வேலையைப் பற்றி. அது போகப்போகிறது என்று முந்தின நாள்தான் ஈமெயில் வந்திருந்தது.

2

இன்ஜினைப் பற்றி நான் எங்கும் போய்ப் படித்தவள் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். அண்ணன் தம்பி இரண்டு ரயில்காரர்களுக்குச் சோறு போட்டு, அவர்கள் சண்டை போடும்போது காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். கோதுமையும் நிலக்கரியும் ஏற்றிய வண்டிகள் எங்கள் ஊரைத் தாண்டி, மலையேறி, மேற்கே துறைமுகத்துக்குப் போகும். வண்டி என்றால் நம் ஊர் கூட்ஸ் மாதிரி நினைக்காதீர்கள். தலை நெமிலிச்சேரி ஸ்டேஷனில் நின்றால் வால் பட்டாபிராமைத் தாண்டிக் கிடக்கும். முன்னால் இருக்கிற இன்ஜின்கள் மட்டும் இழுத்தால் மலையில் நடுவே பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் அறுந்துவிடும். அதனால் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் இன்னும் இரண்டு இன்ஜின்களைக் கோத்து, ஒரு ஆளை உட்காரவைத்து, தள்ளச் சொல்வார்கள். உச்சி வந்ததும் அவற்றைக் கழற்றிவிட, அவை தனியாக இறங்கி ஊருக்கு வந்து அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். அந்த ஆள்தான் என் வீட்டுக்காரர்.

நம் ஊரில் இதற்கு 'பேங்கர்' என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ரயில் ஏறும் இடங்களில் இன்றைக்கும் உண்டு. ஜெயசீலனும் டேவிட்டும் நெமிலிச்சேரிப் பையன்கள். இருவரும் இளவயதில் அந்த மலைப்பாதையில் பேங்கரில் உதவி டிரைவராக இருந்தவர்கள். அந்தக் காலத்தில் முன் இன்ஜின் விசில் ஊதும், பின் இன்ஜின் பதிலுக்கு ஊதும், அப்புறம்தான் இரண்டும் சேர்ந்து நகரும்.

இந்த 'பேங்கர்' எங்களை ஒரு பாடு படுத்தியது. கனடாவுக்குப் போன புதிதில் சர்ச்சில் ஒரு பெரியவர், "இந்தியாவில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். இவர் ஆங்கிலத்தில் "பேங்கர்" என்றார். அடுத்த வாரமே சபைக்குப் பொருளாளராக இருக்கச் சொல்லி நாலு பேர் கேக்கோடு வந்துவிட்டார்கள். இவர் பயந்துபோய் வேண்டாம், எனக்குத் தெரியாது என்றார். அதை அவர்கள் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வற்புறுத்தினார்கள். கடைசியில் கேக் வைத்துக் கொண்டுவந்த காகிதத் துண்டில் ஒரு ரயில் படம் போட்டு, அதன் வாலில் ஒரு இன்ஜினை வரைந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வந்தவர்களில் ஒரு அம்மா, "பார்க்க பேங்க் மேனேஜர் மாதிரியே இருக்கிறாரே" என்று வருத்தத்தோடு எழுந்து போனார்.

பின்னால் தள்ளுகிற வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிரே தெரிவது கடைசிப் பெட்டியின் முதுகு மட்டும். வளைவில் அதிகமாகத் தள்ளினால் நடுப்பெட்டிகள் தண்டவாளத்தை விட்டுப் பிதுங்கிவிடும். குறைவாகத் தள்ளினால் பாரமெல்லாம் முன்னால் போய்க் கப்ளிங் தெறிக்கும். முன்னால் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் எப்படித்தான் தள்ளுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ்ல பின்பக்கம் ஃபுட்போர்டுல தொங்கறவனுக்கு டிரைவர் எப்ப பிரேக் போடுவார்னு தெரியாதா? அப்படித்தான்" என்றார்.

அந்த வேலையில் பேச்சும் குறைவு. "ரெடி", "தள்றேன்", "நின்னுட்டேன்." ரேடியோவில் இந்த மாதிரி நாலைந்து சொல் போதும். முன்னால் போகிற டிரைவர்களும் பல வருஷப் பழக்கம், அவர்கள் காது இவர் வாய்க்கு ஏற்ற மாதிரி வளைந்துவிட்டது. சாயங்காலம் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். ரயில்காரர் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ரயில்காரர் மனைவிகளுக்குத் தெரியும்.

3

ஈமெயிலில் இருந்தது இதுதான். குளிர்காலம் முடிவதற்குள் எங்கள் ஊரில் பின்னால் தள்ளும் இன்ஜின்களுக்கு ஆள் போடுவது நிறுத்தப்படும். இனிமேல் வண்டி புறப்படும் இடத்திலேயே நடுவில் ஒன்று, வாலில் ஒன்று என்று இன்ஜின்களைக் கோத்து அனுப்பிவிடுவார்கள். அவற்றில் ஆள் கிடையாது. முன்னால் இருக்கிற டிரைவர் ரேடியோ மூலம் அத்தனையையும் தன் மேஜையிலிருந்தே ஓட்டுவார்.

நம் ஊர் மலையில் உச்சி வந்ததும் முன் டிரைவர் பேங்கர்காரருக்கு டீ வாங்கித் தருவது வழக்கம். இதைப் படித்ததும் டேவிட் கேட்ட முதல் கேள்வி: "ஆளே இல்லாத இன்ஜின் தள்ளுதுன்னா, மலைக்கு மேல போனதும் டீ யாருக்கு வாங்கித் தருவாங்கோ?"

"உங்களுக்கும் வந்துடுச்சேடா" என்றார் இவர், நம் ஊரில் இன்னும் கூட்ஸ் ஓட்டும் தம்பியிடம்.

"வந்துகினே கீது. ரெண்டு கூட்ஸை ஒண்ணாக் கோத்துட்டு, நடு இன்ஜினை ரேடியோல ஓட்றாங்கோ. நான் இன்னா சொல்றேன்னா, ரேடியோ நல்லதுதான். ஆனா அது சாப்டியான்னு கேக்காது."

அண்ணன் தம்பி வாக்குவாதம் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முழுக்க நடந்தது. மீன் குழம்பு ஆறிப்போனதுதான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், வேலையை இழக்கப்போகிற என் வீட்டுக்காரர்தான் புதுமுறைக்காகப் பேசினார்.

"அடிவாரத்துல நிறுத்திக் கோக்க வேணாம், உச்சியில நிறுத்திக் கழட்ட வேணாம். பாதி நாள் மிச்சம். அந்தக் குளிர்ல அவ்ளோ நீள வண்டிக்கு முன்னாடியிலருந்து மட்டும் பிரேக் காத்து ஏத்தறதுக்குள்ள உயிர் போயிடும்டா. இப்ப பின்னாடியிலருந்தும் ஏறும். அப்புறம் வேலின்னு ஒண்ணு இருக்கு."

"இன்னா வேலி?"

"திரையில ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் முன் இன்ஜின், அந்தப் பக்கம் பின் இன்ஜின். தலை உச்சி தாண்டி இறங்க ஆரம்பிச்சிருக்கும், வால் இன்னும் ஏறிக்கிட்டிருக்கும். முன்னாடிய பிடிச்சுக்கோ, பின்னாடிய தள்ளுன்னு தனித்தனியாச் சொல்லலாம். நான் உக்காந்து செஞ்சதைத்தான் அது செய்யுது."

"செய்யட்டும். நடுவுல கப்ளிங் புட்டுக்கிச்சுன்னா? பின்னாடி நீ கீற, எறங்கி வந்து பாப்ப. அது வருமா?"

இவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முன்னால் இருந்த வழி இரண்டு. ஒன்று, அவர் முன் இன்ஜினுக்கு டிரைவராக மாற வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை ஓட்டம் உண்டு. ஆளில்லாத இன்ஜின்கள் கோத்த முழு வண்டியை, மேலாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, அந்த மலை மேல் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் கார் பயணத்துக்கே ஒரு நாள் பிடிக்கும் தூரத்தில், சமவெளியில் இருக்கும் ஒரு நகரத்தில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு வேலை. அப்படியென்றால் என் வேலை, வீடு, சபை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. ஷெரினுக்கு அந்த நகரம்தான் வேண்டும். அங்கே நாடகம் சொல்லித்தரும் பெரிய பள்ளி இருக்கிறது. ஒரு வருஷமாக அதே பேச்சு. எங்கள் ஊரில் அவள் வகுப்பில் எல்லோருக்கும் எல்லோருடைய நாயின் பெயரும் தெரியும், அவ்வளவு சின்ன ஊர். ஈமெயிலை அவள்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். நகரத்தின் பெயர் வந்த இடத்தில் அவள் முகத்தில் விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடியே அப்பாவைப் பார்த்துவிட்டு அதை அணைத்துக்கொண்டாள்.

4

ஓட்டுவதில் இவருக்கு சந்தேகமே இல்லை. பேச்சில்தான். முந்தின மதிப்பீட்டிலேயே, ரேடியோவில் பேசுவது தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். சாதாரணமாகக் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவது டிரைவரோடு இன்ஜினில் வரும் கண்டக்டர்தான், நம் ஊர் கார்டு மாதிரி. ஆனால் வண்டி மலையில் நின்றுவிட்டால், பின்னால் ஆள் இல்லாததால் அந்தக் கண்டக்டர் இறங்கி வண்டி நீளத்துக்கும் நடந்து பார்க்க வேண்டும். அப்போது டிரைவர் தனி ஆள். எந்த வண்டி, எந்தத் திசை, எந்த இடம் என்று எல்லாவற்றையும் அவர்தான் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். பாரவண்டி எல்லாம் போவது மேற்கே. அதாவது பனியன் பக்கம்.

பனியன் விஷயம் நடந்த மறுநாள் ஷெரின் தானாகவே வந்து, "நான் கன்ட்ரோல் ரூம். நீ மாடிக்குப் போ" என்றாள். அவள் கீழே படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில், இவர் மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் போனில். அவள் கேள்வி கேட்பாள். இவர் பதில் சொல்லுவார். அக்கம்பக்கத்து மாடிகளில் துணி காயப்போட வந்தவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். "உங்க வூட்டுக்காரரு யார்கிட்டமா இவ்ளோ பயந்து பயந்து பேசறாரு?" என்று எதிர்வீட்டு அம்மா என்னிடம் ரகசியமாக விசாரித்தார். மகளிடம் என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார்.

ஷெரின் பொல்லாத கட்டுப்பாட்டு அறை. ஒரு சொல் தவறினாலும், "கேக்கல, மறுபடி" என்பாள். முழுசாகச் சொல்லி முடித்து இவர் மூச்சுவிடும்போது, "டைரக்‌ஷன் தப்பு" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். இரக்கமே கிடையாது. எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இவள் அப்பாவைத் தேற்றுகிறாளா, நம்பிக்கையை உடைத்து நகரத்துக்கு இழுக்கிறாளா? பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நினைத்தேன், அவ்வளவுதான்.

"கொஞ்சம் விட்டுக் குடேன்டி" என்றேன் ஒருநாள்.

"அந்த லேடி விட்டுக் குடுக்க மாட்டாங்க" என்றாள்.

"எந்த லேடி?"

"நிஜமான கன்ட்ரோல் ரூம்ல இருக்கிற லேடி."

அவள் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து எல்லோருமே மாடியில் இருந்தோம். அன்றைக்கு நேருக்கு நேராகவே பயிற்சி. டேவிட் டேங்க் மேல் சாய்ந்துகொண்டு உசுப்பேற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணாத்தே, எத்தினி வருசமா வெள்ளைக்காரன் ஊர்ல கீற. ஒரு மேற்கு வரல உனுக்கு?"

"நீ சொல்லேன் பாப்போம்."

"வெஸ்ட்டு."

"சித்தப்பா, பனியன்" என்றாள் ஷெரின்.

"எனுக்கு பனியனே போதும்மா. நான் அரக்கோணம் வரைக்கும்தான் போறேன்."

எல்லோரும் சிரிக்க, இவருக்குக் கோபம் வந்துவிட்டது. முகம் சிவந்துபோய், "போதும்டா, ஆள வுடுங்க. நான் ஊட்டுக்குப் போறேன்" என்று படி இறங்கினார்.

"அப்பா, நில்லு!" ஷெரின் ஓடிப்போய் வழியை மறித்தாள். "இப்ப என்ன சொன்னே?"

"ஊட்டுக்குப் போறேன்னேன். அதுவும் தப்பா?"

"அந்த வாய். அந்த லிப்ஸ். அப்படியே மறுபடி சொல்லு."

"ஊடு."

"டு வேணாம். ஊ மட்டும். ஊன்னு வெச்சுக்கோ, உடனே எஸ்ட்."

"ஊ… எஸ்ட்."

"வேகமா."

"ஊஎஸ்ட்."

"இன்னும் வேகமா!"

வந்தது. சுத்தமான மேற்கு. பல் படாமல், உதடு குவிந்து, கனடாக்காரன் மாதிரியே. ஷெரின் கைதட்டிவிட்டாள். டேவிட் டேங்கை விட்டுக் குதித்து வந்து, "பாத்தியா அண்ணி, நீ வாணாம் வாணாம்னு தொரத்தின ஊடு, இப்ப உன் ஊட்டுக்காரருக்கு சோறு போடுது" என்றான். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் யாரும் வேறு எதுவும் பேசவில்லை. சோறு பரிமாறும்போதுகூட ஊஎஸ்ட், ஊஎஸ்ட் என்றுதான் குழம்பு கேட்டார்கள்.

மறுநாள் கம்பெனிக்கு அடித்தார். பெண்குரல் திசையைக் கேட்டது. இவர் சொன்னார். சரியான பிரிவுக்கே போனது. அங்கே ஒரு மனிதரே எடுத்தார். எடுத்து, இதற்கெல்லாம் போன் செய்யக்கூடாது, இணையதளத்தில் பதிவு செய்யுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

5

டேவிட் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. ஊடு என்ற சொல்லை எங்கள் வீட்டிலிருந்து துரத்தியது நான்தான்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்து மண்ணூர்பேட்டையில் குடியேறியவர். தெருவில் எல்லாரும் இன்னா, கீது என்று பேச, எங்கள் வாசலுக்குள் மட்டும் வீடு, இருக்கிறது. நான் கனடாவுக்குக் கிளம்பும்போது ஏர்போர்ட்டில் அவர் கடைசியாகச் சொன்னது, "பிள்ளைக்கு நல்ல தமிழ் சொல்லிக்குடும்மா" என்பதுதான்.

மலையில் குகைப்பாதைகள் உண்டு. வண்டி உள்ளே நுழைந்ததும் சில சமயம் ரேடியோ அறுந்துபோகும் என்று இவர் சொல்வார். பின்னால் இருக்கிற ஆளில்லாத இன்ஜின் அப்போது என்ன செய்யும் என்று கேட்டேன். "கடைசியா என்ன சொன்னோமோ அதையே செஞ்சுக்கிட்டிருக்கும். தள்ளச் சொல்லியிருந்தா தள்ளிக்கிட்டே இருக்கும்" என்றார். அப்புறம் எப்படி நிறுத்துவது? "முன்னாடி காத்து பிரேக் போட்டா, வண்டி முழுக்க ஓடற காத்துக் குழாயில அழுத்தம் குறையறது அதுக்குத் தெரியும். அப்ப தானா அடங்கும்."

நானும் குகைக்குள் போன இன்ஜின் மாதிரிதான் இருந்திருக்கிறேன். தமிழ் பேச வேறு ஆளே இல்லாத ஊரில், அப்பா கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஊடு என்றால் திருத்துவேன். ஷெரின் ஒரு வாக்கியம் பேசினால் அதில் மூன்று இடத்தில் நிறுத்துவேன். கொஞ்ச நாளில் அவள் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் அவளை நிறுத்த எனக்குத் தெரியாது, பாருங்கள்.

கோவில்பதாகையில் ஒரு மாதம் சித்தப்பா பிள்ளைகளோடு சுற்றியதில் அவள் வாயிலிருந்து மறுபடி தமிழ் கொட்டியது. முக்கால்வாசி இன்னா, கீது தான். நான் திருத்தவில்லை. காற்று அழுத்தம் குறைந்தது எனக்கும் தெரிந்தது.

6

இங்கே எங்கள் மலையூருக்குத் திரும்பி வந்தபோது ஜன்னல் பாதி உயரத்துக்குப் பனி. காலையில் இருட்டோடு கிளம்பி முதியோர் இல்லம். படுக்கை மாற்றுவது, மாத்திரை கொடுப்பது, பெரியவர்களின் கதை கேட்பது. அங்கே பழைய ரயில்காரர் ஒருவர் இருக்கிறார். பின்னால் தள்ளும் இன்ஜின்களை நிறுத்தப்போகிறார்கள் என்று சொன்னேன். "அப்படியானால் இனி உச்சியில் யாருக்கு நன்றி சொல்வார்கள்?" என்று கேட்டார். கழற்றிவிடும்போது முன் டிரைவர் பின் டிரைவருக்கு ரேடியோவில் நன்றி சொல்வது இங்கே வழக்கமாம். டேவிட் டீயைக் கேட்டான், இந்தப் பெரியவர் நன்றியைக் கேட்டார். எனக்கு இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி தெரிந்தார்கள்.

பரீட்சை ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பார்க்க வந்தது மார்லீன் என்ற ஒரு மேலாளர் அம்மாள். முழு வண்டி, நிலக்கரிப் பாரம், நடுவில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக ஆளில்லாத இன்ஜின்கள். அன்று காலையிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. ஷெரின் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பாவுக்காக நான் ஒரு ஜெபம் செய்யச் சொன்னேன். "என்னன்னு ஜெபம் பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அது சுருக்கென்றது. நியாயமான கேள்விதான்.

மலையில் நடந்ததை இவர் பிறகு சொன்னார். முக்கால் மலை ஏறியாயிற்று. வளைவில் வண்டி தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிட்டது. நடுவில் எங்கோ பிரேக் காற்றுக் குழாய் பிரிந்திருக்கிறது. பின் இன்ஜின்கள் அழுத்தம் குறைந்ததை உணர்ந்து தாமாக அடங்கிவிட்டன. அது ஒழுங்காக நடந்தது. கண்டக்டர் மாற்றுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

"முன்ன மாதிரி இருந்தா பின்னாடியிலருந்து நானும் நடந்து வந்திருப்பேன். பாதித் தூரம் அவருக்கு மிச்சம்" என்றார். "டேவிட் சொன்னது அதுதான்."

இன்ஜினில் இவரும் மார்லீனும் மட்டும். மார்லீன் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பரீட்சையில் அவர் வாய் திறக்கக்கூடாது. கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது. இவர் ரேடியோவை எடுத்தார்.

"எனக்கு ஷெரின் குரல்தான் கேட்டுச்சு. கேக்கல மறுபடின்னு சொல்லிடுவாளோன்னு ஒரு பயம். ஊன்னு உதட்டக் குவிச்சுக்கிட்டேன். வண்டி எது, மேற்கே போறது, தலை எங்க நிக்குது, ஆள் இறங்கி நடக்கறாரு, பின்னாடி எந்த வண்டியையும் விடாதீங்க. எல்லாம் சொன்னேன். கன்ட்ரோல் ரூம் அம்மா ஒரே தடவைல வாங்கிக்கிட்டு அப்படியே திருப்பிச் சொன்னாங்க."

கண்டக்டர் குழாயை மாற்றிவிட்டுத் திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனால் பிரேக் காற்று எல்லா இன்ஜின்களிலிருந்தும் ஏறியதால் சீக்கிரம் நிரம்பிவிட்டது. புறப்படும் நேரத்தில்தான் ஒரு கூத்து. இவர் கை தானாக ஹாரனுக்குப் போய், அந்த நாளில் நம் ஊர் மலையில் முன் இன்ஜின் பேங்கருக்கு ஊதும் விசிலை ஊதிவிட்டது.

மார்லீன் திரும்பிப் பார்த்தார். "யாரைக் கூப்பிடுகிறீர்கள்?"

"பின்னால் இருக்கிறவரை."

"பின்னால் யாரும் இல்லையே."

"தெரியும்" என்றாராம் இவர்.

அப்புறம் பின் இன்ஜினுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்து, முன்னால் மெல்ல இழுத்து, ஒரு குலுக்கல் இல்லாமல் அவ்வளவு பெரிய வண்டியையும் மலையில் நகர்த்தியிருக்கிறார். உச்சியில் வேலி போட்டு, தலையைப் பிடித்து, வாலைத் தள்ளி, இறக்கத்தில் இறக்கிக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். மார்லீன் இறங்கும்போது கை கொடுத்து, "எப்போதிலிருந்து வேலைக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

7

அதற்கு மறுநாள் மத்தியானம் அவர் வீடு வந்து சேர்ந்தார். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. வாசலில் காலணியைத் தட்டிக்கொண்டே, "பாஸ்" என்றார். நான் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேலே நான் எழுதியது எல்லாம் அவர் காபி குடித்துக்கொண்டே சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னது.

ஷெரினுக்கு அன்று பள்ளி விடுமுறை. எதிரே வீட்டுப்பாடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கும்போது ஒரு இடத்திலும் தலை நிமிரவில்லை. விசில் ஊதிய இடத்தில் மட்டும் உதடு கொஞ்சம் அசைந்தது.

சொல்லி முடித்ததும், "அப்ப நாம இங்கதான்" என்றாள்.

அதில் கேள்விக்குறி இல்லை. இருந்தாலும் இவர் பதில் சொன்னார். "இங்கதான்மா."

"எப்ப முதல் டிரிப்?"

"நாளைக்குக் காலைல. அந்தப் பக்கம் தங்கிட்டு மறுநாள்தான் வருவேன். இனிமே அப்படித்தான்."

அவள் தலையாட்டினாள். புத்தகத்தை மூடினாள். நகரத்துப் பள்ளியைப் பற்றிப் பேச வேண்டியது நான்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். வெறும் ஆறுதல் அவளுக்குப் பிடிக்காது. அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டு அவள் எழுந்தபோது, தன் அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் வாசல் பக்கம் போனாள். பூட்ஸை மாட்டினாள். கொக்கியிலிருந்து அப்பாவின் பெரிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாங்கள் கெஞ்சிக் கேட்டாலும் அவள் தொடாத பனித்தள்ளியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

"நான் பாத்துக்கறேன்மா, நீ விடு" என்று இவர் பின்னாலேயே போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் எடுத்துப் போக வேண்டிய காரைச் சுற்றிப் பனி முட்டி உயரத்துக்கு இருந்தது. ஷெரின் காரின் பின்னால் போய் நின்று, கோட்டுக் கையை மடித்துக்கொண்டு, கோபமாகப் பனியைத் தள்ள ஆரம்பித்தாள். கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், ஒரு கட்டி விடாமல், ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள்.